கீரையின் பெயர் தாங்கிய சத்து: ஃபோலிக் அமிலத்தின் வரலாறும் நம் வீட்டுக் கணக்கும்



மலர்க் குழுவினர் கேட்கும்போதெல்லாம் கல்வெட்டு, ஓலைச்சுவடி, சமணப் பள்ளி என்று எதையாவது எழுதிக் கொடுத்து வந்தவன் நான். இந்த வருடம் ஒரு மாத்திரையின் வரலாற்றை எழுதியிருக்கிறேன். "நயினாருக்கு என்ன ஆச்சு, மருத்துவம் பேசக் கிளம்பிட்டாரே" என்று நீங்கள் சிரிப்பீர்கள். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சில மாதங்களுக்கு முன்னால் திக்லிபூர் கடைத்தெருவில் நம்ம மளிகைக் கடைக்கு ஒரு பெண் வந்தாள். இராமநாதபுரத்துப் பக்கத்துக் குடும்பம், இங்கேயே பிறந்து வளர்ந்தவள், முதல் பிரசவம். துவரம்பருப்பு வாங்கிக்கொண்டு, முந்தானையில் முடிந்து வைத்திருந்த சிவப்பு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினாள். "ஐயா, ஆஸ்பத்திரியில இதைத் தினமும் போடச் சொல்றாங்க. கீரையிலயும் பருப்புலயும் இருக்கிற சத்துதானாமே? அதைத்தான் தினமும் திங்கிறேனே, அப்புறம் மாத்திரை எதுக்கு?" என்றாள். "போடும்மா, நல்லதுக்குத்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் அது பதில் ஆகாது என்று எனக்கே தெரியும். இதே சத்தின் விஷயத்தில் அரைகுறையாகத் தெரிந்துகொண்டு நானே அடிபட்டவன். அந்தக் கதையைப் பின்னால் சொல்லுகிறேன். அவளுக்குச் சரியான பதில் சொல்ல வேண்டும் என்றுதான் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, இது அயல்நாட்டுச் சரக்கு அல்ல, நம் நாட்டு ஏழைத் தாய்மாரின் இரத்தத்திலிருந்து கற்ற பாடம் என்பது தெரிய வந்தது.

பம்பாய் ஆலைத் தொழிலாளர் வீட்டுப் பெண்கள்

1920-களில் பம்பாயில் துணி ஆலைகளில் வேலை செய்த குடும்பங்களில், கர்ப்பிணிப் பெண்கள் பலர் கடுமையான இரத்தசோகையால் இறந்துகொண்டிருந்தார்கள். இந்திய மருத்துவப் பணியில் இருந்த மார்கரெட் பால்ஃபர் என்ற பெண் டாக்டர், இதை ஆராய இலண்டனிலிருந்து லூசி வில்ஸ் என்ற அம்மையாரை அழைத்தார். வில்ஸ் 1888-இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் படித்துவிட்டு, பிறகு மருத்துவம் பயின்றவர். 1928-இல் பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தார்.

சாதாரணமாக இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகையில் இரத்தச் சிவப்பணுக்கள் சிறுத்துப் போகும். இந்தப் பெண்களின் இரத்தத்திலோ அணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, அளவில் பெருத்துக் கிடந்தன. இதற்கு இன்று விளக்கம் தெரியும். ஒரு அணு இரண்டாகப் பிரிய வேண்டுமானால் அதன் உள்ளே இருக்கும் மரபுப் பொருள் இரட்டிப்பாக வேண்டும். அதற்கு ஃபோலேட் என்ற சத்து வேண்டும். அது இல்லாவிட்டால் அணு பிரிய முடியாமல் வீங்கிக்கொண்டே போகும். வயிற்றில் பிள்ளை வளரும் காலத்தில் அணுக்கள் வேகமாகப் பெருக வேண்டும் என்பதால், தட்டுப்பாடும் அப்போதுதான் வெளியே தெரியும்.

அன்றைக்கு இந்த விவரம் எதுவும் தெரியாது. ஏதோ கிருமிதான் காரணம் என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். வில்ஸ் அம்மையார் தல்பாடே, மேத்தா முதலிய இந்திய உடனுழைப்பாளர்களோடு சேர்ந்து அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எப்படி வாழ்கிறார்கள் என்று கணக்கெடுத்தார். ஏழைக் குடும்பங்களில், குறிப்பாக ஏழை முஸ்லிம் பெண்களிடம், இந்த நோய் அதிகம் என்று கண்டார். தட்டில் காய், கனி, புரதம் எல்லாமே குறைவு. நோய் தட்டில்தான் இருக்கிறது என்று புரிந்துகொண்டார்.

குன்னூரும் கோஷா ஆஸ்பத்திரியும்

இதற்குப் பிறகு கதை நம் தமிழ் மண்ணுக்கு வருகிறது. 1929-இல் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வில்ஸ் குன்னூரில் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்து வேலை செய்தார். அங்கேதான் இராபர்ட் மெக்காரிசன் இந்திய உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்து வந்தார். 1918-இல் பெரிபெரி நோயை ஆராய ஒரே ஓர் அறையில் அவர் தொடங்கிய வேலைதான் வளர்ந்து, பிற்காலத்தில் ஐதராபாத்துக்கு இடம் மாறி, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. 1931-இன் தொடக்கத்தில் வில்ஸ் சென்னையில் கோஷா ஆஸ்பத்திரியில் பணி செய்தார். திருவல்லிக்கேணியில் இப்போது கஸ்தூர்பா காந்தி பெயரில் இருக்கும் அரசு மகளிர் மருத்துவமனைதான் அது. நம்மில் எத்தனையோ பேருடைய பாட்டிமார் பிரசவம் பார்த்த இடம்.

பம்பாய்ப் பெண்களின் உணவையே எலிகளுக்குக் கொடுத்தார். எலிகளுக்கும் சோகை வந்தது. ஈஸ்ட் என்னும் நொதிப்பொருளைச் சேர்த்துக் கொடுத்தபோது அவை பிழைத்தன. எலிச் சோதனையில் பேன் மூலம் பரவும் ஒரு கிருமியும் குறுக்கிட்டிருந்தது பின்னால் தெரிந்தது. ஆனால் குரங்குகளிடம் செய்த சோதனையில் விஷயம் தெளிவாகிவிட்டது. அகிம்சையைக் குல தருமமாகக் கொண்ட வீட்டில் பிறந்த எனக்கு இந்த இடத்தைப் படிக்கும்போது மனம் கூசியது. அதனால் அதை மறைத்து எழுதுவதும் நேர்மை ஆகாது.

அவர் கொடுத்த மருந்து மார்மைட். பீர் வடித்த பிறகு மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து இங்கிலாந்தில் 1902 முதல் செய்துவரும் கறுத்த குழம்பு அது, ரொட்டியில் தடவிச் சாப்பிடுவார்கள். இரத்தசோகை ஒன்றுக்கு ஈரல் நல்ல மருந்து என்று 1926-இல் அமெரிக்காவில் மைனாட்டும் மர்ஃபியும் காட்டியிருந்தார்கள். ஆனால் ஈரல் சத்து விலை கூடியது, மரக்கறி உண்பவர்கள் வாயில் வைக்கவும் மாட்டார்கள். மார்மைட்டோ மலிவு. அதைக் கொடுத்தவுடன் சாகக் கிடந்த பெண்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். 1931-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இந்தச் செய்தியை வெளியிட்டார். ஈஸ்ட்டில் இருக்கும் பெயர் தெரியாத அந்தப் பொருளை உலகம் 'வில்ஸ் காரணி' என்று சொல்லத் தொடங்கியது.

இன்னொன்றையும் அவர் கவனித்தார். சுத்தம் செய்யாத ஈரல் சத்து இந்தச் சோகையைத் தீர்த்தது. மிகவும் சுத்தம் செய்த ஈரல் சத்து தீர்க்கவில்லை. அப்படியென்றால் ஈரலில் இரண்டு வெவ்வேறு சத்துகள் இருக்க வேண்டும் அல்லவா? இந்த இரண்டாவது சத்தை மறந்துவிடாதீர்கள். என் கதைக்கு அதுதான் வேர்.

பெயர் வந்தது கீரையிலிருந்து

1941-இல் அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மிச்செல், ஸ்னெல், வில்லியம்ஸ் என்ற மூவர் நான்கு டன் கீரையை அரைத்து, வடித்து, கடைசியில் மிகச் சிறிதளவு சத்தைப் பிரித்தெடுத்தார்கள். இலத்தீன் மொழியில் இலைக்கு 'ஃபோலியம்' என்று பெயர். அதை வைத்து 'ஃபோலிக் அமிலம்' என்று பெயரிட்டார்கள். தமிழில் 'இலைச்சத்து' என்று சொன்னால் பொருந்தும். வில்ஸ் காரணியும் இதுவும் ஒன்றுதான் என்பது பின்னர் உறுதியாயிற்று.

ஒரு சிறு திருத்தம். அந்தக் கீரை ஆங்கிலத்தில் ஸ்பினாச், நாம் பாலக் என்று சொல்லுவது. தமிழ்ப் பத்திரிகைகளில் அதைப் 'பசலைக்கீரை' என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். நம் பசலை கொடியாகப் படருவது, வேறு குடும்பம். திக்லிபூரில் வங்காளச் சகோதரர்கள் வேலியெல்லாம் படரவிட்டு 'புய் சாக்' என்று சொல்லுவார்களே, அதுதான் நம் கொடிப்பசலை.

பீமவரத்து சுப்பாராவ்

பிரித்தெடுத்தால் போதாது, வேண்டிய அளவு செய்து கொடுக்க வேண்டும். அதைச் செய்த குழுவின் தலைவர் நம் பழைய சென்னை மாகாணத்துக்காரர், எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-இல் பீமவரத்தில் பிறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார். காந்தியார் சொல் கேட்டுக் கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப் பட்டம் கிடைக்காமல் அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் ஆசிரியராக இருந்துவிட்டு, 1923-இல் அமெரிக்கா போனார்.

இவருடைய உடன்பிறந்தாரைக் கொண்டுபோன நோய் 'ஸ்ப்ரூ'. வயிற்றுப்போக்கு நிற்காது, உண்ட சத்து குடலில் ஒட்டாது, நாக்கு புண்ணாகி உடல் வற்றிவிடும். அதே நோய் 1960-களின் தொடக்கத்தில் எங்கள் வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் கொள்ளை நோய் போலப் பரவியது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பேக்கரும் மாத்தனும் அதை ஊர் ஊராகப் போய் ஆராய்ந்தார்கள். நான் கைக்குழந்தையாக இருந்த காலம். "அந்த வருஷம் வீட்டுக்கு வீடு வயித்தாலை, கஞ்சிகூடத் தங்கல" என்று என் தாயார் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

சுப்பாராவ் 1940-இல் லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்தார். அவர் வழிநடத்திய குழு 1945-இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்து காட்டியது. உடனே அதைச் சோகைக்கும் ஸ்ப்ரூவுக்கும் கொடுத்து டாம் ஸ்பைஸ் என்ற டாக்டர் நல்ல பலன் கண்டார். உடன்பிறந்தாரை இழந்தவன் கையாலேயே அந்த நோய்க்கு மருந்து கிடைத்தது என்றால், இதைவிட என்ன வேண்டும்!

அத்தோடு நிற்கவில்லை. அணு பெருக இந்தச் சத்து வேண்டுமென்றால், சத்தைத் தடுத்தால் புற்றுநோய் அணு பெருகாது அல்லவா? அந்தத் தடுப்பு மருந்துகளையும் சுப்பாராவ் குழு செய்து கொடுத்தது. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு அதைக் கொடுத்துத் தற்காலிகமாக நோயை அடக்கி, 1948-இல் வெளியிட்டார். அந்த வழியில் வந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் பயன்படுகிறது. அதே 1948 ஆகஸ்டில் சுப்பாராவ் 53-ஆம் வயதில் காலமானார். 1995-இல் இந்திய அரசு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. வில்ஸ் அம்மையார் 1964-இல் மறைந்தார்.

மளிகைக்காரன் போட்ட கணக்கு

இனி நம் வீட்டுக்கு வருவோம். குன்னூரில் 1937-இல் அய்க்ராய்டு வெளியிட்ட இந்திய உணவுச் சத்துப் பட்டியல் இந்த வகையில் முன்னோடி. அதன் வழிவந்த ஐதராபாத் நிறுவனம் 2017-இல் 528 உணவுகளைச் சோதித்துப் புதிய பட்டியல் வெளியிட்டது. அதில் ஃபோலேட் அளவைப் பார்த்தபோது, நாற்பது வருடம் மூட்டை பிரித்து விற்றவனான எனக்கே ஆச்சரியம்.

அளவை மைக்ரோகிராமில் சொல்லுகிறார்கள். ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு. 100 கிராமுக்குக் கணக்குப் பார்த்தால், தீட்டிய பச்சரிசியில் சுமார் 9 தான். கேழ்வரகில் 35, சோளத்தில் 39, கோதுமை மாவில் 29. உளுத்தம்பருப்பிலும் பாசிப்பருப்பிலும் 90 வாக்கில். துவரம்பருப்பில் 108. கடலைப்பருப்பில் 180 வாக்கில். முழுக் கொண்டைக்கடலையில் 230-ஐத் தாண்டுகிறது. பாலக் கீரையில் 142. பார்த்தீர்களா? பெயர் என்னவோ இலையின் பெயர், ஆனால் கடலை கீரையையே மிஞ்சுகிறது. சாதுர்மாஸ்யத்தில் கீரையை விலக்கும் எங்களைப் போன்ற வீடுகளைப் பருப்புதான் காப்பாற்றி வந்திருக்கிறது.

ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும்? 2020-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொன்ன பரிந்துரைப்படி ஆண்களுக்கு 300, பெண்களுக்கு 220, கர்ப்பிணிக்கு 570, பால் கொடுக்கும் தாய்க்கு 330.

கடைக்கணக்குப் போலவே போட்டுப் பார்ப்போம். ஒருவர் நாளைக்கு 400 கிராம் அரிசி சாப்பிட்டால் கிடைப்பது 36. ரசமும் அப்பளமும் மட்டும் வைத்துச் சாப்பிட்டால் கணக்கு அங்கேயே முடிந்துவிடும். 50 கிராம் துவரம்பருப்பு சேர்த்தால் 54 வரவு. 50 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல் 116. 100 கிராம் பாலக் 142. ஆக மொத்தம் 348. அடுப்பில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டதாக வைத்துக்கொண்டாலும் 230 நிற்கும். பெண்களுக்கு வேண்டிய 220 வந்துவிட்டது. ஆண்களின் 300-க்கு இன்னும் ஒரு கிண்ணம் சுண்டல் வேண்டும். கர்ப்பிணியின் 570-க்கோ பாதி தூரம்கூட வரவில்லை.

திக்லிபூரில் இதற்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. நெல்லும் கீரையும் இங்கேயே விளைகிறது. பருப்பு, கடலை எல்லாம் கப்பலில் வர வேண்டும். சென்னையிலிருந்து, முன்பு போர்ட் பிளேர் என்று அழைத்த ஸ்ரீ விஜயபுரத்துக்கு வந்து, அங்கிருந்து வடக்கே இங்கு வந்து சேர்வதற்குள் விலை ஏறிவிடும். விலை ஏறினால் வீட்டில் முதலில் குறைவது பருப்புதான். சாம்பார் நீர்த்துப்போகும். இதை நான் கல்லாவில் உட்கார்ந்தபடியே பார்த்திருக்கிறேன்.

பொது விநியோகத்தில் செறிவூட்டிய அரிசி கொடுக்கப் போவதாக 2021 சுதந்திர தினத்தன்று பிரதமர் அறிவித்தார். அதற்கான விதிப்படி ஒரு கிலோ அரிசியில் 75 முதல் 125 மைக்ரோகிராம் வரை ஃபோலிக் அமிலம் சேர்க்க வேண்டும். 400 கிராமுக்கு 30 முதல் 50 வரை வருகிறது. நல்ல உதவிதான், ஆனால் பருப்பின் இடத்தை அது நிரப்பாது.

அடுப்பில் போவது, ஊறலில் வருவது

இந்தச் சத்து தண்ணீரில் கரையும், சூட்டில் அழியும். கீரையைக் கொதிக்கும் நீரில் வேகவைத்து நீரைக் கொட்டினால் பாதிச் சத்து கூடவே போய்விடுகிறது என்று சோதித்திருக்கிறார்கள். ஆவியில் வேகவைத்தால் அவ்வளவு போவதில்லை. ஆகவே கீரையை நறுக்கும் முன் கழுவுங்கள். கொஞ்சம் தண்ணீரில் சீக்கிரம் வேகவைத்து, அந்தத் தண்ணீரோடு கடைந்துவிடுங்கள். பருப்பு வேகவைத்த தண்ணீரில் ரசம் வைத்த நம் பாட்டிமார் அறிவியல் படித்தவர்கள் அல்லர், ஆனாலும் கொட்டவில்லை. பச்சைப்பயறை முளைகட்டினால் இந்தச் சத்து கூடுகிறது. காலையில் சமைத்ததை இரவு வரை திரும்பத் திரும்பச் சுடவைப்பது நட்டம்.

நான் பட்ட பாடு

பதினைந்து வருடங்களுக்கு முன்னால் எனக்கு எப்போதும் களைப்பாக இருந்தது. சோகை என்றார்கள். நானோ புத்தகம் படிக்கிறவன், ஃபோலிக் அமிலம் இரத்தம் ஊறச் செய்யும் என்று எங்கோ படித்திருந்தேன். டாக்டரிடம் காட்டாமல் நானே மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி இரண்டு வருடம் போட்டுக்கொண்டேன். களைப்பு குறைந்தது, எனக்குப் பெருமை தாங்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சிபாரிசு செய்தேன். பிறகு பாதம் மரத்தது. பஞ்சின் மேல் நடப்பது போல ஒரு உணர்வு. செருப்பு கழன்று போனதுகூடத் தெரியாமல் நடந்திருக்கிறேன்.

சென்னைக்குப் போய்க் காட்டியபோது பி12 சத்து இல்லை என்றார்கள். வில்ஸ் அம்மையார் சந்தேகித்தாரே, ஈரலில் இருந்த இரண்டாவது சத்து, அதுதான் பி12. 1948-இல்தான் அதைப் பிரித்தெடுத்தார்கள். அது கீரையிலும் பருப்பிலும் கிடையாது. பால், முட்டை, மீன், இறைச்சியில்தான் உண்டு. எங்களுக்குப் பாலும் தயிரும்தான் வழி. இங்கே அந்த நாளில் கிடைத்ததோ தேநீருக்குப் போடும் பால் பவுடர். பி12 குறைந்தாலும் இதே பெருத்த அணுச் சோகைதான் வரும். அப்போது ஃபோலிக் அமிலம் மட்டும் சாப்பிட்டால் சோகை சரியானது போலத் தெரியும், நரம்பு மட்டும் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும். இது 1940-களின் கடைசியிலேயே டாக்டர்கள் அறிந்த செய்தி. ஊசி போட்டு நடை திரும்பியது. இடது காலில் இரண்டு விரல் மட்டும் இன்றும் மரத்தபடிதான் இருக்கின்றன. தப்பு என்னுடையதுதான். பாதி படித்ததை முழுசாகப் படித்ததாக நினைத்துக்கொண்டேன்.

மரக்கறி உண்ணும் குடும்பத்தார், முக்கியமாக அறுபது தாண்டியவர்கள், சோகை என்றால் பி12-ஐயும் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நம் விரதத்துக்கு இதனால் குறை ஒன்றும் வராது.

அந்தப் பெண்ணுக்குப் பதில்

1991-இல் இங்கிலாந்தின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஏழு நாடுகளில் நடத்திய ஆய்வின் முடிவு வெளிவந்தது. முதுகெலும்புப் பிளவு போன்ற குறையுள்ள குழந்தை ஒருமுறை பிறந்த தாய்மார்களுக்கு, அடுத்த கர்ப்பத்துக்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் கொடுத்தார்கள். அந்தக் குறை மறுபடி வருவது நூற்றுக்கு 72 பங்கு குறைந்தது. குழந்தையின் முதுகுத் தண்டாக மாறும் குழல் கருவுற்ற 28 நாளுக்குள் மூடிவிட வேண்டும். அந்த நேரத்தில் பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்றே தெரியாது. அதனால்தான் கலியாணமான பெண்கள் கருத்தரிக்கும் முன்பே டாக்டரைக் கேட்டு இந்த மாத்திரையைத் தொடங்க வேண்டும் என்கிறார்கள். பிந்திய மாதங்களில் கொடுக்கும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. அதிலும் மாத்திரையில் உள்ள ஃபோலிக் அமிலம், உணவோடு சேர்ந்தால், கீரையின் இயற்கைச் சத்தைவிட 1.7 மடங்கு உடம்பில் சேர்கிறது.

போன வாரம் அவள் மறுபடி கடைக்கு வந்தாள், இப்போது எட்டாம் மாதம். இந்தக் கணக்கையெல்லாம் பில் தாளின் பின்புறம் எழுதிக் காட்டினேன். "உனக்கு மட்டும் வேணும்னா நீ திங்கிறது போதும்மா. இது ரெண்டு பேர் கணக்கு" என்றேன். தாளை மடித்து மாத்திரை அட்டையோடு முடிந்துகொண்டாள். போகிறபோது, "அப்போ கால் கிலோ கொண்டைக்கடலையும் குடுங்க ஐயா" என்றாள். கொடுத்தேன், அன்றைக்குக் கொள்முதல் விலைக்கே.

பம்பாயில் பெயர் தெரியாமல் போன அந்தத் தாய்மாரை நினைத்துக்கொண்டு இந்தக் கட்டுரையை முடிக்கிறேன். மலரைப் படிக்கும் இல்லங்களில் எல்லாரும் நோயின்றி வாழ வேண்டும்.